ஓ.பி.யில் அடுப்பைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 29, டாக்டர் எஸ்.பத்மாவதி மறைந்த நாள். 2020-இல் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது வயது 103. நாட்டின் முதல் பெண் இதய மருத்துவர், பத்ம விபூஷண் பெற்றவர் என்றெல்லாம் அஞ்சலி எழுதினார்கள். சரிதான். ஆனால் அடுப்புப் புகைக்கும் நுரையீரல் கெடுவதற்கும் உள்ள தொடர்பை அவர் கண்டு சொன்னது, நான் படித்த எந்த அஞ்சலியிலும் ஒரு வரிகூட இல்லை. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான்.

பர்மாவில் பிறந்து ரங்கூனில் மருத்துவம் படித்தவர். 1942-இல் ஜப்பான் படை வந்ததும் அம்மா, சகோதரிகளோடு தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்து, 1953-இல் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். கால் வீங்கி, இரண்டு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும் நிலையில் பெண்கள் அங்கே வருவார்கள். இதயத்தின் வலது பக்கம் பெருத்திருக்கும். நுரையீரல் வருஷக்கணக்கில் கெட்டால் அதன் ரத்தக் குழாய்கள் இறுகிவிடும். அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே வலது பக்கம் ஓய்ந்துபோகும். சிகரெட் பிடிக்கும் ஆண்களிடம் இப்படி வந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். டெல்லியிலோ பெண்களுக்கும் அதே அளவு வந்தது, அதுவும் ஆண்களைவிட இளம் வயதில். அந்தப் பெண்களில் புகைபிடிப்பவர்கள் சொற்பம்.

பத்மாவதி அடுப்பங்கரையைப் பார்த்தார். வரட்டியும் விறகும் எரிகிற, புகை போக வழியில்லாத அறை. அம்மா இடுப்பில் இருந்த வயதிலிருந்தே அந்தப் புகைதான். 127 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை 1959-இல் அமெரிக்காவின் ‘சர்குலேஷன்’ இதழில் வெளியிட்டார். அடுப்புப் புகை ஆராய்ச்சி என்றதும் எல்லாரும் சொல்லும் கிர்க் ஸ்மித், குஜராத் கிராமங்களில் கருவி வைத்துப் புகையை அளந்தது 1981-இல்தான்.

இந்தப் பெண்களை எனக்கு நேரடியாகத் தெரியும். "நர்சம்மா, குடம் தூக்கினா இளைக்குது" என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வீசிங் என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். விறகடுப்பில் இட்லி சுட்டு விற்றே மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு அம்மாவுக்குக் கால் வீங்கியது. ரத்தசோகை என்று மாதக்கணக்கில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். பெரியாஸ்பத்திரியில் எக்கோ எடுத்த பிறகுதான் வலது பக்க இதயம் போய்விட்டது தெரிந்தது. துணைக்கு வந்த புருஷனிடம் "பீடி பிடிப்பீங்களா" என்று கேட்ட டாக்டர், அந்த அம்மாவிடம் எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. மனசு இன்னும் ஆறவில்லை.

இப்போதுதான் எல்லா வீட்டிலும் கேஸ் இருக்கிறதே என்பார்கள். எங்கள் பக்கம் டீ போடவும் அவசரத்துக்கும் கேஸ். சோறும் வெந்நீரும் இன்னும் பல வீடுகளில் சீமைக்கருவேல விறகில்தான். சிலிண்டர் விலை அப்படி.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அருமையான திட்டம். அப்படி வருகிற சுகாதாரப் பணியாளர்களுக்கு அடுப்பு கண்ணெதிரிலேயே இருக்கும். எத்தனை வருஷமாக விறகில் சமைக்கிறீர்கள், நடந்தால் மூச்சு வாங்குகிறதா என்ற கேள்விகளையும் படிவத்தில் சேர்க்க வேண்டும். வாங்குகிறது என்பவர்களை ஊதவைத்து நுரையீரலின் பலத்தைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சோதனைக்காகப் பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போகச் சொன்னால் எந்த அம்மாவும் போகமாட்டார். கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. முறையாக ஊதவைக்கப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். சுகாதாரத் துறை இதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வந்தவாசி.