சாவி திரும்பாத காரும் மலைக்கு வேண்டிய பூட்டுத் தொழிலாளரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் வசிக்கும் நான், நீலகிரியில் கார் வைத்திருக்கும் எவருக்கும் நேரக்கூடிய ஒரு சிக்கலைத் தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கடந்த மாதம் குன்னூர் மார்க்கெட் அருகே காரை நிறுத்திவிட்டு, தந்தைக்கு மருந்து வாங்கித் திரும்பியபோது, இக்னிஷன் பூட்டுக்குள் சென்ற சாவி எந்தப் பக்கமும் திரும்ப மறுத்தது. ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொண்டிருந்ததால், அதை இலேசாக அசைத்தபடியே சாவியைத் திருப்பிப் பார்த்தேன், பயனில்லை. உண்மையில் அந்தப் பூட்டு இரண்டு மாதங்களாகவே எச்சரித்து வந்தது. குளிர் மிகுந்த காலைகளில் சாவியை இரண்டு மூன்று முறை உருவிச் செருகினால்தான் வண்டி கிளம்பும். நானோ தேங்காய் எண்ணெய் விட்டு நாளைக் கடத்தினேன். அந்த எண்ணெய் தூசியைச் சேர்த்துக்கொண்டு உள்ளே பசையாகிவிடும் என்பதையும், கிராஃபைட் தூளே பூட்டுக்கு ஏற்றது என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

சேவை மையம் ஒன்றைத் தொலைபேசியில் கேட்டபோது, காரை இழுவை வண்டியில் சமவெளிக்குக் கொண்டுவர வேண்டும், இக்னிஷன், கதவுகள், டிக்கி ஆகிய எல்லாப் பூட்டுகளையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும், அந்த செட் வந்துசேரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பழுதான பூட்டு ஒன்றுதான் என்று சொல்லியும் அவர்கள் இசையவில்லை.

மறுநாள் உதகையிலிருந்து பேருந்தில் வந்த பூட்டுத் தொழிலாளி ஒருவர், கருவிப் பையைத் திறக்கும் முன்பே ஆர்.சி. புத்தகத்தையும் ஓட்டுநர் உரிமத்தையும் வாங்கிச் சரிபார்த்தார். பிறகு வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்த்தார். அதுவும் திரும்பாததால், பழுது சாவியில் மட்டும் இல்லை என்பது உறுதியாயிற்று. சாவி நுழையும் உருளை வேறு, அதன் பின்னாலிருந்து மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச் வேறு என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். உருளைக்குள் வரிசையாக இருக்கும் சிறு பித்தளைத் தகடுகள், சாவியின் வெட்டுகளுக்கேற்ப ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் அது சுழலும். ஆண்டுக்கணக்கில் தேய்ந்த தகடுகள் அந்த மட்டத்துக்கு வருவதில்லை. சாவி சற்றேனும் திரும்பியிருந்தால் உள்ளிருக்கும் ஊசியை அழுத்தி உருளையை உருவியிருக்கலாம். அதற்கும் வழியில்லாததால் துளையிட்டே எடுத்தார். புதிய உருளையின் தகடுகளை, அதிகம் தேயாத அந்த இரண்டாவது சாவிக்குப் பொருந்துமாறு அடுக்கியதால், கதவுகளுக்கும் அதே சாவி தொடர்ந்து பயன்படுகிறது. தேய்ந்த சாவிக்குப் பதிலாக ஒன்றைப் புதிதாக வெட்டி, பழையதன் தலைப்பகுதியில் இருந்த சிப்பை அதற்கு மாற்றினார். அந்தச் சிப்பை வண்டி அடையாளம் காணாவிட்டால், சாவி திரும்பினாலும் இன்ஜின் ஓடாது. இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. சேவை மையம் சொன்ன தொகையில் நான்கில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

இது செலவை மட்டும் பொறுத்த செய்தியன்று. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஓடும்போதே இக்னிஷன் சுவிட்ச் நழுவி இன்ஜினை நிறுத்திவிடும் குறைக்காக ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. கனமான சாவிக்கொத்தோ, சாலையின் குலுக்கலோகூட அந்த நழுவலுக்குக் காரணமாகலாம் என்று அப்போது எச்சரிக்கப்பட்டது. தளர்ந்துபோன எந்தப் பூட்டையும் அலட்சியம் செய்யலாகாது என்றே நான் கருதுகிறேன். மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கும் கொண்டை ஊசி வளைவொன்றில் இன்ஜின் நின்றுவிட்டால், ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக் மிதியும் ஓரிரு முறை மிதித்த பிறகு அழுத்தக் கடினமாகிவிடும்.

எனக்கு உதவிய தொழிலாளி அறுபது வயதைக் கடந்தவர். தம்மிடம் இத்தொழிலைக் கற்க ஒருவரும் வரவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். மாவட்டத்திலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பயிலும் மாணவர்களுக்கு, இவரைப் போன்றோரைக் கொண்டே வாகனப் பூட்டுப் பணியைக் குறுகிய காலப் பயிற்சியாக அளிக்க மாவட்ட ஆட்சியர் ஆவன செய்ய வேண்டும். பயிற்சி முடித்தோருக்குக் காவல்துறைச் சரிபார்ப்புடன் அடையாள அட்டை வழங்கி, அவர்களின் பட்டியலை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வைத்தால், நடுவழியில் நிற்பவர்கள் நம்பி அழைக்கவும் முடியும், திருட்டுக்குத் துணைபோவோரை விலக்கி வைக்கவும் முடியும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.