மஸ்காலியின் முந்திரிகை

பலெர்மோ, சிசிலி, இத்தாலி,
கார்த்திகை மாதம்.

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைத்து ஒன்றரை மாதமாகிறது. மறந்துபோய் இருந்துவிடவில்லை. அது வந்த அடுத்த கிழமையே எத்னா எரிமலைக்கு முந்திரிகைப் பழம், அதுதான் திராட்சை, வெட்டப் போய்விட்டேன். திரும்பி வந்து விரல் இடுக்கில் ஏறின கறை போகவே பத்து நாள் எடுத்தது. மச்சாளுக்கு முழங்கால் வலி குறைந்ததா? மகனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது எனக்கும் பெரிய சந்தோசம். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, முந்திரிகைப் பந்தலைப் பிடுங்கிவிட்டுக் காணியைக் குத்தகைக்குக் கொடுக்கப் போவதாக. அந்த வரிதான் மலையிலும் என்னோடு திரிந்தது.

சமையற்கூட வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒவ்வொரு ஐப்பசியும் ஏன் அங்கே ஓடுகிறாய் என்று கேட்டிருந்தாய். இந்த முறை ஒழுங்காகச் சொல்கிறேன்.

கத்தானியா நகரத்திலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு சின்ன ரயில் போகிறது. பாதை 1898 இல் கட்டி முடிந்தது. பிஸ்தா மரங்களுக்குள்ளால் ஏறி ரந்தாத்சோ என்ற ஊருக்குக் கிட்டப் போகும்போது நிலம் திடீரென்று கறுத்துவிடும். 1981 பங்குனியில் இறங்கி வந்த எரிமலைக் குழம்பு அது. ஊரை மயிரிழையில் விட்டுவிட்டு, தோட்டங்களையும் றோட்டையும் தண்டவாளத்தையும் மூடிக்கொண்டு கீழே ஆறு வரைக்கும் போயிருக்கிறது. நாற்பது வருசத்துக்கு மேலாகியும் அந்தக் கல்லில் பாசியும் மஞ்சள் பூப் பற்றைகளும்தான். அதன் ஓரத்திலேயே, கறுப்புக் கல்லை அடுக்கிக் கட்டிய வரம்புகளுக்குள்ளே, முந்திரிகை நிற்கிறது. அங்கத்தைய சனம் மலையை எத்னா என்று சொல்வதே குறைவு. 'ஆ முந்தாஞ்ஞா' என்பார்கள். மலை என்றுதான் அர்த்தம், ஆனால் பெண்ணாக வைத்துச் சொல்வார்கள். கோபித்துக்கொண்ட தாயைப் பற்றிக் கதைப்பதுபோல இருக்கும்.

பழத்தின் பெயர் நெரெல்லோ மஸ்கலேசே. மஸ்காலி என்ற ஊரின் பெயர் அது, மலையின் கிழக்கு அடியில் கடலுக்குக் கிட்ட இருக்கிறது. 1928 கார்த்திகையில் குழம்பு வந்து அந்த ஊரைச் சில நாட்களுக்குள் மூடிவிட்டது. பிறகு வேறு இடத்தில் வீதி பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். பழைய மஸ்காலி கல்லுக்குக் கீழே. பெயர் மட்டும் கொடியில் ஏறி மலையைச் சுற்றி நிற்கிறது. ஊர் விட்டு வந்த எனக்கு அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும்.

சிசிலியின் மற்ற இடங்களில் ஆவணியிலேயே பழம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். இது ஐப்பசி நடுப்பகுதிக்கு முன் கனியாது. நான் போகும் தோட்டம் கடல்மட்டத்திலிருந்து 700 மீற்றர் உயரத்தில், வடக்குச் சரிவில். பகலில் முதுகு காயும், இரவில் இரண்டு போர்வை வேணும். அந்தச் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டுத்தான் புளிப்பு அடங்காமல் வாசம் ஏறுகிறதாம். குலை நீளமாக, மேலே வெள்ளைப் பொடி பூசினதுபோல வரும். இதில் வடிக்கிற வைனோ நீ நினைக்கிறதுபோல நாவற்பழச் சாறு மாதிரிக் கறுப்பில்லை. கிளாசுக்குப் பின்னால் விரலைப் பிடித்தால் விரல் தெரியும். வாயில் வைத்தால் முதலில் புளிப்புச் செரிப்பழம், பிறகு பச்சைப் பாக்கு மென்றதுபோல ஒரு துவர்ப்பு. நிறத்தைப் பார்த்து மெல்லிசு என்று நினைத்தவன் அந்தத் துவர்ப்பில் திடுக்கிடுவான். எத்னா சிவப்பு வைன் என்று போத்தலில் போடுவதற்கு இந்தப் பழம் குறைந்தது 80 வீதம் இருக்க வேணும் என்பது 1968 இலிருந்து சட்டம்.

இவ்வளவும் இருந்தும் கனகாலம் இது பெயரில்லாமல் பீப்பாயில் போய், வேறு ஊர் வைனுக்குக் கலவையானது. மலைத் தோட்டம் கட்டுப்படியாகாமல் சனம் கைவிட்டது. 1988 இல் பெனாந்தி என்ற குடும்பம் பழைய கொடிகளைத் தேடிப் படித்துத் தனியாக வடிக்கத் தொடங்கியது. 2000 க்குப் பிறகு வெளியாரும் வந்தார்கள். இப்போது காணி விலை ஏறிவிட்டது. கல்லில் செய்த பழைய ஆலைகள் மட்டும் சும்மா கிடக்கின்றன. மேல்தட்டில் காலால் மிதிக்க, சாறு கல்வாய்க்கால் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கும். சுகாதார விதிகளோடு அது நின்றுபோனது. ஒன்றுக்குள் போய் நின்று பார்த்தேன், இன்னும் புளித்த வாசம் இருக்கிறது.

மச்சான், நான் சொல்ல வந்தது கொடியைப் பற்றி. அங்கே பந்தல் இல்லை. ஒவ்வொரு கொடியும் செஸ்நட் மரத் தடியைக் கட்டிக்கொண்டு குட்டி மரம்போலத் தனியாக நிற்கும். ஒரு மீற்றர் இடைவெளிதான், உழவு இயந்திரம் போக முடியாது. எல்லாம் மண்வெட்டிதான். சில அடிமரம் என் தொடை மொத்தம் இருக்கும். நூறு வருசத்துக்கு மேல் என்கிறார்கள், அதுவும் ஒட்டுப்போடாத கொடி. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பூச்சி ஐரோப்பா முழுக்க முந்திரிகையை அழித்தது. அதற்குப் பிறகு அநேகமான இடங்களில் அமெரிக்க அடிக்கட்டையில் ஒட்டித்தான் வளர்க்கிறார்கள். ஆனால் எரிமலைக் கருமணலில் அந்தப் பூச்சியால் வளை தோண்டி நடமாட முடியாது, மணல் சரிந்து மூடிவிடும். அதனால் அந்த மணலில் பல இடங்களில் பழைய கொடி சொந்த வேரிலேயே தப்பி நிற்கிறது. ஊரை மூடின மலைதான் வேரையும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டக்காரக் கிழவரைப் பார்க்கப் போனேன். வரிசையில் ஒரு கொடி செத்துக் கிடந்தது. புதுக்கன்று வாங்கவில்லை அவர். பக்கத்துக் கொடியில் நீளமான தடி ஒன்றை வெட்டாமல் விட்டிருந்தார். முழங்கை ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, அந்தத் தடியை இரண்டு கையாலும் பிடித்து, முறியாமல் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து மண்ணுக்குள் படுக்க வைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தார். செத்த கொடி நின்ற இடத்தில் நுனியை மேலே எடுத்து, இரண்டு முளைக்கண் மட்டும் விட்டுத் தடியில் கட்டினார். இரண்டு மூன்று வருசம் தாய் பால் கொடுக்கும், பிறகு வெட்டிவிடலாம் என்றார். எங்கட பதியம்தான். அந்தத் தோட்டம் ஏன் நேர்வரிசையாக இல்லை என்று அன்றுதான் விளங்கியது. கொடிகள் மண்ணுக்குள்ளால் ஒன்றையொன்று பிடித்து இடம் மாறி வந்திருக்கின்றன. அவருக்கு 80 க்கு மேல் வயசு. அந்தக் கொடியின் பழத்தை அவர் சாப்பிடுவாரோ தெரியாது, முகத்தில் அந்த நினைப்பே இல்லை.

எனக்கு உன்ர ஐயாவின் நினைவு வந்தது. கிணற்றடிக் கொடிக்கு அவர் காலையில் தண்ணி கட்டிக்கொண்டு நிற்க, நாங்கள் பின்னால் போய்ப் புளிக்கப் புளிக்கக் காய் பிடுங்கித் தின்றது.

குத்தகைக்குக் கொடுப்பதில் பிழை இல்லை. உனக்கும் உடம்பு ஏலாது, அது எனக்கு விளங்கும். கிணற்றடிக் கொடியை மட்டும் விடு. அது முடியாதென்றால் பிடுங்குவதற்கு முன் நல்ல தடி இரண்டை வளைத்து வேலிப்பக்கமாகப் பதியம் போடு. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன், ரிக்கற் போட்டாயிற்று. பந்தல் கால் மாற்ற வேணுமென்றால் அதுவரைக்கும் பொறு, இரண்டு பேருமாய் மாற்றுவோம். நல்ல கத்திரி ஒன்றும் கொண்டுவருகிறேன்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு. தடி வளைத்ததும் உடனே எழுது.

அன்புடன்,
உன்ர பழைய கூட்டாளி