மலையகத்துல பைபர் லைன் குடுக்குற கம்பெனி மேலதிகாரிகளுக்கு

ஐயாமாரே வணக்கம், அட்டன் பக்கம் பைபர் கனெக்ஷன் குடுக்குற சப் கொன்ட்ராக்ட் டீம்ல வேலை செய்றவன் எழுதுறேன்.

போன மாசம் ஒரு தோட்டத்து லயத்துக்கு போனோம், ஓ.எல் எழுதப் போற பிள்ளை இருக்கிற வீடு, ரவுட்டர்ல சிவப்பு லைட் எரியுது. என்கூட வந்த தம்பி பச்சை கனெக்டரை கழட்டி வாயால ஊதினான், ஸ்வெட்டர்ல தொடச்சான், அப்புறம் வெளிச்சம் வருதான்னு கண்ணுகிட்ட தூக்கிட்டான், நான் கையைப் புடிச்சி இழுத்தேன். அவன் மேல தப்பே இல்ல, அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ஜிபொன் லைன்ல (ஒரே பைபரை பல வீட்டுக்கு பிரிச்சி குடுக்குற முறை) வீட்டுக்கு வர்ற லேசர் வெளிச்சம் 1490 நானோமீட்டர், கண்ணுக்கு தெரியாது, அதனால எத்தனை தடவை பாத்தாலும் இருட்டாத்தான் இருக்கும். வீட்டுல பவர் கம்மிதான், ஆனா இதே பழக்கத்தோட எக்ஸ்சேஞ்சுல போய் நின்னா கண்ணு என்னாகும்? மொதல்ல வெளிச்சத்தோட பவரை அளக்குற மீட்டர் வச்சி பாக்கணும்.

அன்னைக்கு வேற டீம்கிட்ட ஸ்கோப் (கனெக்டர் முனையை பெருசாக்கி திரையில காட்டுற கருவி) கடன் வாங்கி அதே கனெக்டரை பாத்தோம். திரையில வட்டமா கண்ணாடி, நடுவுல வெளிச்சம் போற எடம் 9 மைக்ரோன்தான், அதுக்கு குறுக்க ஸ்வெட்டர் நூல் ஒண்ணு மரம் மாதிரி கெடக்கு, சுத்தி ஊதின எச்சி ஈரம் காஞ்ச திட்டு. இப்படியே மாட்டினா அழுக்கு அடுத்த பக்கமும் ஒட்டும், மணல் துகள்னா கண்ணாடியே கீறிப்போகும், அப்புறம் கனெக்டரை வெட்டிப் போட வேண்டியதுதான்.

கிளிக் க்ளீனரால (அழுத்தினா முனையை தொடைக்கிற பேனா மாதிரி கருவி) ஒரு தடவை அழுத்தினோம், நூல் போயிருச்சி, திட்டு போகல. நூல் பிரியாத துணியில 99 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல் கொஞ்சம் நனைச்சி தொடச்சி, உடனே காஞ்ச பக்கத்துல தொடச்சப்புறம்தான் சுத்தமாச்சி (பார்மசி ஸ்பிரிட் வேணாம், அதுல தண்ணி கூட, கறை விழும்). சொக்கெட் உள்ளுக்கும் க்ளீன் பண்ணி, திரும்ப ஸ்கோப்ல பாத்து மாட்டினோம், பச்சை லைட் வந்துச்சி.

டீமுக்கு ஒரு ஸ்கோப், ஒரு மீட்டர், சைஸுக்கு ஏத்த க்ளீனர் குடுங்க. எஸ்சிங்கிற பெரிய கனெக்டருக்கு 2.5 மில்லிமீட்டர், எல்சிங்கிற சின்ன கனெக்டருக்கு 1.25. ஒரு நாளைக்கு இத்தனை வீடுன்னு டார்கெட் போடும்போது க்ளீன் பண்ற இந்த பத்து நிமிஷத்தையும் கணக்குல சேருங்க, மழையில அதே மலைக்கு ரெண்டாவது தடவை ஏறுறது யாருக்கு லாபம்?

மூடி போட்ட போத்தல் ஒண்ணும் குடுங்க ஐயா. அதுல போட வேண்டிய வெட்டின கண்ணாடி பைபர் துண்டை பசங்க லயத்து வாசல்லயே விட்டுட்டு வர்றாங்க, அங்க சின்னப் பிள்ளைங்க வெறுங்காலோட ஓடுதுங்க.