நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாளி

ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் நீல மறுபயனீட்டுத் தொட்டிகளில் சேர்வதில் ஏறக்குறைய 40 விழுக்காடு, உணவும் திரவமும் படுவது போன்ற காரணங்களால் வீணாகிறது என்ற செய்தியைப் படித்தேன். மக்களுக்கு அக்கறை போதவில்லை என்று பலரும் சொல்கிறார்கள். கல்வி வளாகங்களைப் பொறுத்தவரை, தொட்டி நிற்கும் இடம்தான் பெரிய குறை. நான் வேலை செய்யும் வளாகத்தில் மின்தூக்கி அருகே நீலத் தொட்டி மட்டும் தனியாக நிற்கிறது; குப்பைத் தொட்டி தாழ்வாரத்தின் மறுகோடியில். விரிவுரைக்கு ஓடும் மாணவர் பாதி குடித்த தே பெங் (குளிர்ந்த பால் தேநீர்) கோப்பையை எங்கே போடுவார்? உள்ளே கிடக்கும் நல்ல காகிதமெல்லாம் பாலும் சர்க்கரையுமாக ஊறிவிடும். அப்புறம் துப்புரவு ஊழியர் பையை அப்படியே பொதுக் குப்பையில் சேர்க்க வேண்டியதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தக் குப்பை எரிக்கப்பட்டு, சாம்பல் படகில் செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்புநிலத்துக்குப் போகிறது. அந்த நிரப்புநிலமோ 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். காலிக் கலனைத் திருப்பித் தந்தால் 10 காசைத் திரும்பப் பெறும் வைப்புத்தொகைத் திட்டமும் போத்தல்களுக்கும் டின்களுக்கும்தான். கோப்பைகள் அதில் வரா. ஆகவே, வளாக நிர்வாகங்கள் நீலத் தொட்டியையும் குப்பைத் தொட்டியையும் எங்கும் சேர்த்தே வைக்கட்டும். பக்கத்தில் மிச்சப் பானத்தை ஊற்ற வடிகட்டியுடன் ஒரு வாளி இருக்கட்டும். காகிதத்துக்குத் தனித் தொட்டி, குறுகிய வாயுடன். அடுத்த பருவத்தில் ஒரே ஓர் உணவகத்தில் முதலில் செய்து பார்க்கலாம்; எங்கே வைப்பது என்பதை அங்குள்ள துப்புரவு ஊழியர்களிடமே கேட்கலாம்.

வாசகர், தோ பாயோ