மேட்டை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய முடியாது

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மேட்டைப் பற்றி எழுதுகிறேன். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை எழுபதுகளில் தொடங்கி, தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிடும் குரோமிய உப்புக்கான சரக்கு அங்கேதான் தயாரானது. மிஞ்சியது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு. ஆலை மூடி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் கழிவிலிருந்து குரோமியம் கரைந்து நிலத்துக்குள் இறங்குகிறது.

குரோமியத் தாதுவைச் சோடா சாம்பலோடும் சுண்ணாம்போடும் சேர்த்துச் சூளையில் வறுப்பார்கள். பிறகு தண்ணீர் விட்டுக் குரோமேட்டைக் கரைத்து எடுப்பார்கள். முழுதும் வந்துவிடாது. சக்கையில் தங்குவதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். தண்ணீரில் எளிதில் கரைந்து, மண்ணில் அதிகம் ஒட்டாமல் நீரோட்டத்தோடு போகும் வகை அது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியதும் அதுதான். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அளவு மிக அதிகமானால்தான் தண்ணீர் மஞ்சளாகும். கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலும் வரம்பைத் தாண்டிய குரோமியம் இருக்கலாம். கொதிக்க வைத்தால் போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். கிணற்றுத் தண்ணீரை எட்டிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் குடும்பங்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறனாக மாற்றினால் அதன் நச்சுத்தன்மை வெகுவாகக் குறையும், மண்ணோடு படிந்தும் விடும். நீரை மேலே இறைத்து அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து அதைச் செய்யலாம். இல்லையென்றால் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு மாதிரியான ஒன்றை நிலத்துக்குள் செலுத்தி, அங்குள்ள நுண்ணுயிர்களைக் கொண்டே செய்யலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் சிட்டி என்ற ஊரில், 1996இல் இரும்புத் துகளை நிரப்பி நிலத்தடியில் ஒரு சுவரே கட்டினார்கள். நீரோட்டம் அதன் வழியே போகும்போது குரோமியம் உள்ளேயே நின்றுவிடுகிறது.

ஆனால் அது மணல் நிலம். ராணிப்பேட்டையோ பாறை நிலம். மேலே சிதைந்த பாறை, கீழே வெடிப்புகள். தண்ணீர் அந்த வெடிப்புகளின் போக்கில் போகிறது. சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினாலும் குரோமியம் பக்கத்து வெடிப்பில் நழுவிப் போய்விடும். அதனால் வெளியூர் முறையை அப்படியே கொண்டுவந்து வைத்தால் ஆகாது. எந்த வெடிப்பு பாலாற்றுப் பக்கம் போகிறது, எது ஊர்க் கிணறுகளை நோக்கிப் போகிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

கலிபோர்னியாவின் ஹிங்க்லி ஊரில், 1952 முதல் 1966 வரை எரிவாயுவைக் குழாயில் அழுத்தி அனுப்பும் ஒரு நிலையத்தின் குளிர்விப்பு நீரில் கலந்த குரோமியம் நிலத்தடிக்குப் போனது. 1996இல் நிறுவனம் 33.3 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அதற்குப் பின்னும் துப்புரவு வேலை பல ஆண்டுகளாக நீண்டது. கசிந்த பதினான்கு ஆண்டுகளுக்கே இந்த நிலை. இங்கே கழிவு மேடே தலைக்கு மேல் இருக்கிறது. அதைத் தொடாமல் கீழே இருக்கும் நீரை மட்டும் இறைத்துச் சுத்திகரித்தால் அந்த வேலை முடியவே முடியாது.

எனவே என் கோரிக்கையும் மேட்டிலிருந்தே தொடங்குகிறது. முதலில் மழை நீர் இறங்காதபடி மேட்டை முழுவதும் மூடுங்கள், சுற்றிலும் ஓடிவரும் நீரைத் தடுத்துத் திருப்புங்கள். அப்புறம் கழிவைச் சுத்திகரித்துப் பாதுகாப்பான கழிவு நிரப்பிடத்துக்குக் கொண்டுபோங்கள். நிலத்தடி நீருக்கான வேலையை அதோடு சேர்த்தே தொடங்குங்கள். குரோமியம் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் மாங்கனீசையும் அளக்க வேண்டும், நுண்ணுயிர் முறையில் அது மண்ணிலிருந்து கரைந்து வெளிவருவது தெரிந்த விஷயம்.

செலவு யாருடையது என்ற கேள்விக்கு விடை இந்த மண்ணிலிருந்தே வந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த ஆலையோ மூடிக் கிடக்கிறது. அந்தப் பணத்தை வசூலித்துக்கொண்டு வாருங்கள், அதுவரை அரசு முன்பணமாகப் போடட்டும். வசூலாகட்டும் என்று தண்ணீர் காத்திருக்காது.

இன்னொன்று. ஆய்வுக் கிணறுகளின் அளவுகளை மாதாமாதம் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். கிணற்றின் பெயர், குரோமிய அளவு, வரம்பு, குடிக்கலாமா கூடாதா. இந்த நான்கும் இருந்தால் போதும். இதற்கு எந்தத் திட்ட அறிக்கையும் தேவையில்லை, வருகிற மாதமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரையின் ஒரு குடிமகள்