முக்காலே அரைக்கால் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கில்ட் என்கிற ஒட்டுப்போர்வை தைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். 'கணக்கு வராதவர்களுக்கும் ஏற்ற கைவேலை. கொடுத்த அளவுக்கு வெட்டினால் போதும்' என்று அதில் ஒரு வரி. ஊக்கம் கொடுக்கத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனாலும் அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பள்ளியில் பின்னக் கணக்கு என்றாலே எனக்குக் கை நடுங்கும். இன்று காலும் அரைக்காலும் (எட்டில் ஒரு பங்கு) மாகாணியும் என் விரல் நுனியில் இருக்கின்றன. அவற்றை எனக்குக் கற்றுக்கொடுத்தது துணிதான். என் முதல் போர்வையில் வரிசைக்கு 17 சதுரங்கள். துண்டின் ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்கு விட வேண்டியது கால் அங்குலம். நானோ ஒவ்வொரு தையலையும் ஒரு மாகாணி, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, உள்ளே தள்ளிப் போட்டிருந்தேன். கண்ணுக்கே தெரியாத பிசகு. ஆனால் ஒரு தையலில் இரண்டு துண்டுகள் சேர்கின்றன. ஆகவே இழப்பு அரைக்கால் அங்குலம். 16 தையல்களுக்கு 2 அங்குலம்! முன்கூட்டியே வெட்டி வைத்த ஓரப்பட்டி அந்த 2 அங்குலமும் வெளியே தொங்கியபோதுதான் பெருக்கல் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது.

உங்கள் கட்டுரையில், இரண்டு முக்கோணங்களால் ஆன 3 அங்குலச் சதுரத்துக்கு 3⅞ அங்குலம் வெட்டச் சொல்லியிருந்தீர்கள். சரியான அளவுதான். ஆனால் சாதாரணச் சதுரத்துக்கு அரை அங்குலம் கூட்டினால் போதும் என்கிறபோது, முக்கோணத்துக்கு மட்டும் ஏன் முக்காலே அரைக்கால், அதாவது ⅞? மூலைவிட்டத்தில் தைக்கும்போது கூர்முனைகளில் தையலுக்கான துணி நீண்டு வெளியே போகிறது. அதற்காக, கால் அங்குலத்தை 1.414 ஆல் (சதுரத்தின் மூலைவிட்டம் அதன் பக்கத்தைப்போல் அத்தனை மடங்கு) பெருக்கி அந்த அரை அங்குலத்தோடு கூட்ட வேண்டும். விடை 0.854. அளவுகோலில் அதற்குக் கோடு கிடையாது. அடுத்த கோடு 0.875, அதுதான் முக்காலே அரைக்கால். ஒரு மாலை முழுவதும் காகிதத்தில் வரைந்து வரைந்து இதைக் கண்டுகொண்டேன். அன்று வந்த மகிழ்ச்சி ஒரு போர்வையை முடித்தபோதுகூட எனக்கு வந்ததில்லை. அதன்பிறகு 12 அங்குலக் கட்டத்தை மூலை மேலே வரும்படி சாய்த்து வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எந்த அட்டவணையையும் நான் பார்ப்பதில்லை. கிட்டத்தட்ட 17 அங்குலம், அதே 1.414 தான்.

என் தோழிகள் சிலர் சதுரத்தை 4 அங்குலமாகவே வெட்டித் தைத்து, பிறகு 3½ அங்குலத்துக்குச் சீராக்கிக்கொள்கிறார்கள். நல்ல வழிதான், களைத்த நாட்களில் நானும் அப்படித்தான் செய்கிறேன். இன்னும் சிலர் அளவுகோலையே தொடாமல் கண்ணளவில் வெட்டுகிறவர்கள். கணக்கு என்றாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒரு வரிசை கோணிப்போனால், எந்தப் பக்கம் எவ்வளவு சேர்த்தால் நேராகும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். அதைக் கணக்கு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

2023 இல், ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வராமல் தளம் முழுவதையும் நிரப்பும் 13 பக்க வடிவம் ஒன்று வெளியானது. 'தொப்பி' என்று பெயர். அதைக் கண்டுபிடித்த டேவிட் ஸ்மித் கணிதப் பேராசிரியர் அல்லர். வடிவங்களை அட்டையில் வெட்டி, பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தவர். நிரூபணத்துக்கு மூன்று ஆய்வாளர்கள் கைகொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது, துண்டுகளைத் தரையில் பரப்பி மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் என் இரவுகள்தான் நினைவுக்கு வந்தன.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வெட்டும் அளவைக் கொடுக்கும்போது, தையல் கோடு வரைந்த ஒரு முக்கோணப் படத்தையும் பக்கத்தில் அச்சிடுங்கள். கூர்முனையில் துணி எவ்வளவு நீள்கிறது என்பது அதில் தெரிந்தால் போதும். மீதியை வாசகர்களே வரைந்து பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒட்டுப்போர்வை தைக்கும் வாசகி