ஸ்காட்லாந்தின் கேலஷீல்ஸில் இருக்கும் அக்கா மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

குடும்ப வாட்ஸாப் குரூப்பில் நீ போட்ட வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். சாயங்காலமே ஊர் அடங்கிவிடுகிறது, மழை விடுவதில்லை, சனிக்கிழமை மதியமானால் கல்லூரிக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரே கூச்சல். "சம்பளம்கூட வாங்காத லோக்கல் பசங்க ஆடற மேட்ச்சுக்கு இத்தனை அலப்பறையா மாமா?" என்று கேட்டிருந்தாய். அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். நடுவில் உங்கம்மா புகுந்து ரசப்பொடி பார்சல் பேச்சை எடுத்துவிடும். அதனால் இங்கே, எல்லோரும் பார்க்கவே எழுதுகிறேன். டெக்ஸ்டைல் படிக்க அந்தப் பக்கம் போகும் மற்ற திருப்பூர்ப் பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

நீ கேட்டது நெதர்டேல் மைதானத்தில் கேலா அணி ஆடிய ரக்பி. கேலஷீல்ஸைச் சுருக்கி கேலா என்பார்கள். மெரூன் சட்டைக்காரர்கள். எதிரணி பச்சைச் சட்டை போட்டிருந்தால் அது பக்கத்து ஊர் ஹாயிக். அன்றைக்குக் கூச்சல் இரண்டு மடங்கு. இரண்டு ஊருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. கேலாக்காரர்களுக்கு அது எப்போதும் "அழுக்கு ஹாயிக்". ஹாயிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கேலாவுக்குக் குழாய்த் தண்ணீர் கடைசியாகத்தான் வந்தது, அதுவரை காலைக்கடனெல்லாம் வாளியில்தான், அந்த வாளி பதிந்த தழும்பு இன்னும் அவர்கள் பின்பக்கத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பார்கள்.

இந்தப் பகை நேற்று முளைத்ததில்லை. இங்கிலாந்துப் படையும் ஸ்காட்லாந்துப் படையும் மாறி மாறி மிதித்துப்போன எல்லைப்புறம் அது. பயிர் வைத்தால் எரித்துவிடுவார்கள்; ஆடுமாடுதான் சொத்து; அடுத்தவன் மாட்டை ராத்திரியில் ஓட்டிக்கொண்டு வருவதே பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் வெட்சி, கரந்தை என்று படித்திருப்பாயே, நிரை கவர்தலும் நிரை மீட்டலும். அதைக் குளிரிலும் மழையிலும் வைத்துப் பார். ஆர்ம்ஸ்ட்ராங், எலியட், கெர், ஸ்காட் என்று குடிப்பெயர் சொல்லிக்கொண்டு பல தலைமுறைக்குச் செய்தார்கள். 1603இல் இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா வந்த பிறகுதான் அடக்க முடிந்தது. (நிலாவில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் 1972இல் அந்தப் பக்கத்து ஊரான லாங்ஹோமுக்கு வந்து ஊர் கொடுத்த கௌரவத்தை வாங்கிக்கொண்டு போனார். மாட்டுத் திருடர் பரம்பரை என்று கூச்சப்படுகிற ஆளாக இருந்தால் அத்தனை தூரம் வந்திருப்பாரா?)

மாடு போய்ப் பந்து வந்தது. ஆர்ம்ஸ்ட்ராங்கும் எலியட்டும் கெர்ரும் இன்றைக்கும் அந்த அணிப் பட்டியல்களில் இருக்கிறார்கள்.

இப்போது லீக். 1901இல் கேலா, ஹாயிக், ஜெட்-ஃபாரஸ்ட், லாங்ஹோம், மெல்ரோஸ் என்று ஐந்து கிளப்கள் கூடி பார்டர் லீக்கை ஆரம்பித்தன. பின்னால் செல்கர்க்கும் கெல்ஸோவும் சேர்ந்தன, வெகுகாலம் கழித்து பீபிள்ஸ். உலகத்தில் இன்னும் நடந்துகொண்டிருக்கிற ரக்பி யூனியன் (பதினைந்து பேர் ஆட்டம்) லீக்குகளில் இதுதான் மூத்தது. இதில் என்ன பெரிய விஷயம் என்று நீ கேட்பாய். அந்தக் காலத்தில் எடின்பரோ, கிளாஸ்கோ கிளப்கள் பெரும்பாலும் பெரிய பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் நடத்தியவை. அவர்களுக்கு ரக்பி ஒரு கனவான் விளையாட்டு. நட்பு ஆட்டம் ஆடினால் போதும். புள்ளிப் பட்டியல் போட்டால் ஜெயிக்கிற வெறி வரும், வெறி வந்தால் காசு வரும் என்ற பயம் மேலிடத்தில் இருந்தது. சட்டையில் ஏன் எண் இல்லை என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே கேட்டதற்கு, இது ரக்பி ஆட்டம் ஐயா, மாட்டுச் சந்தை இல்லை என்று ஸ்காட்லாந்து நிர்வாகி ஒருவர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அப்படிப்பட்டவர்கள் காலத்தில், மில் தொழிலாளியும் பண்ணை ஆளும் கசாப்புக்கடைக்காரரும் ஆடிய சின்ன ஊர்கள் தாங்களே ஒரு லீக் போட்டுக்கொண்டன. நாடு முழுக்க அதிகாரபூர்வமாக லீக் வந்தது 1973இல்.

வந்த பிறகு என்ன ஆயிற்று பார். முதல் ஐந்து வருஷமும் ஹாயிக்தான் ஜெயித்தது. 1974 முதல் 1997 வரை இருபத்து நான்கு சாம்பியன் பட்டங்களில் எடின்பரோவின் ஹெரியட்ஸ், பரோமியூர், அப்புறம் ஸ்டர்லிங் கவுண்டி ஆளுக்கு ஒன்று எடுத்தன. மீதி இருபத்தொன்றும் ஹாயிக், கேலா, கெல்ஸோ, மெல்ரோஸ் நாலுக்குள்ளேயே போயின. அவற்றில் பெரிய ஊரான ஹாயிக்கிலேயே ஜனத்தொகை பதினாலாயிரம் சொச்சம். மெல்ரோஸ் இரண்டாயிரத்துச் சொச்சம். நம்மூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் முக்கால்வாசியை அடக்கிவிடலாம்.

நீ யூடியூபில் ஒன்றே ஒன்று பார்ப்பதாக இருந்தால் 1990 மார்ச் 17, எடின்பரோ மரேஃபீல்டு மைதானம், ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டத்தைப் பார். இரண்டு அணியும் அந்த வருஷம் தோற்கவே இல்லை, ஜெயிக்கிறவனுக்கு எல்லாம். விதி ரொம்பத் தெரிய வேண்டாம்: பந்தைக் கையால் முன்பக்கம் எறியக்கூடாது, காலால் உதைக்கலாம், எதிரியின் கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்தினால் அது ட்ரை. இரண்டாம் பாதி ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஸ்க்ரம் ஒன்று, இரண்டு அணி ஆட்களும் குனிந்து முட்டித் தள்ளிப் பந்துக்குப் போராடுவது. கெல்ஸோ விவசாயி ஜான் ஜெஃப்ரி பின்னாலிருந்து பந்தை அள்ளுகிறார். அவர் தருவது ஜெட்-ஃபாரஸ்டின் கேரி ஆர்ம்ஸ்ட்ராங்கிடம், பிழைப்புக்கு லாரி ஓட்டுகிறவர். அவரிடமிருந்து கேவின் ஹேஸ்டிங்ஸுக்கு. ஹேஸ்டிங்ஸ் எடின்பரோக்காரர். அவர் உதைத்த பந்து எகிறி விழ, பாய்ந்து அதை அழுத்துகிறார் ஹாயிக்கின் டோனி ஸ்டேஞ்சர். ஆட்ட முடிவில் ஸ்காட்லாந்து 13, இங்கிலாந்து 7. அந்த நாலு பேரில் மூன்று பேர் பார்டர் லீக்கில் ஒருவரையொருவர் மண்ணில் புரட்டியெடுத்தவர்கள். ஆட்டத்துக்குச் சம்பளம் ஒரு பைசா கிடையாது.

அந்த ஜான் ஜெஃப்ரிக்கும் நம் நாட்டுக்கும் ஒரு விவகாரம் இருக்கிறது. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடுவது கல்கத்தா கோப்பைக்கு. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ரக்பி கிளப்பை 1870களில் மூடியபோது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, நம்மூர்த் தட்டார் கையால் செய்த கோப்பை. கைப்பிடி மூன்றும் நல்லபாம்பு, மூடிமேல் யானை. 1988இல் ஆட்டம் முடிந்த இரவு ஜெஃப்ரியும் இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் போதையில் அதை எடின்பரோ தெருவில் உதைத்து விளையாடி நசுக்கிவிட்டார்கள். ரிச்சர்ட்ஸுக்கு ஒரே ஆட்டத் தடை, ஜெஃப்ரிக்கு மாதக்கணக்கில். நூற்றாண்டு கண்ட கோப்பையை அப்படிச் செய்ததற்கு அதுவும் குறைவு என்பது என் கட்சி. கெல்ஸோவில் போய் இதைச் சொல்லாதே.

சம்பளம் வாங்காமல் ஆடினார்கள் என்பதை ரொம்பப் புனிதமாக்க எனக்கு மனசு வரவில்லை. சொத்துள்ளவனுக்கு அது கொள்கை; தறியில் நிற்கிறவனுக்கு அது கூலி நஷ்டம். வடக்கு இங்கிலாந்தில் ரக்பி லீக் என்ற பதின்மூன்று பேர் ஆட்டத்தில் காசு கொடுத்தார்கள். எல்லைப்புறப் பிள்ளைகள் பல பேர் அங்கே போனார்கள். போனவர்களுக்கு ஊர் ரக்பியில் கதவு சாத்தப்பட்டது. ஹாயிக்கின் டேவ் வாலண்டைன் ஸ்காட்லாந்துக்கு யூனியன் ஆடிவிட்டு ஹட்டர்ஸ்ஃபீல்டு போனார். 1954இல் நடந்த முதல் ரக்பி லீக் உலகக்கோப்பையை வென்ற பிரிட்டன் அணிக்கு அவர்தான் கேப்டன். உலகக்கோப்பையைத் தூக்கிய மனுஷனை, காசு வாங்கினான் என்று யூனியன் உலகம் ஒதுக்கித்தான் வைத்தது. இந்த அநியாயத்தை மறந்துவிட்டு "அந்தக் காலத் தூய்மை" என்று யாராவது உன்னிடம் பெருமூச்சு விட்டால் வாலண்டைன் பேரைச் சொல்.

1995 ஆகஸ்ட்டில் யூனியனும் சம்பள ஆட்டமானது. நியாயம்தான். ஆனால் பணம் வந்ததும் அது எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் போனது. எல்லைப்புறத்துக்கென்று ஒரு தொழில்முறை அணி அமைத்தார்கள்; 1998இல் கலைத்தார்கள்; 2002இல் மறுபடி எழுப்பி 2007இல் மறுபடி கலைத்தார்கள். 2019இல் மெல்ரோஸை வைத்து சதர்ன் நைட்ஸ் என்று அரைச் சம்பள அணி ஒன்று வந்தது. அந்தப் போட்டியே 2024இல் முடிந்துபோனது. அதே காலத்தில் மில்களும் ஒன்றொன்றாக மூடின. அந்தத் துக்கம் உனக்கு விளக்க வேண்டியதில்லை, உன் தாத்தா பனியன் கம்பெனிக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தவள் நீ. ஹாயிக்கில் 1771இல் காலுறைப் பின்னல் தறி வந்து, அதிலிருந்து வளர்ந்த ஸ்வெட்டர் தொழில் இன்று மிச்சம் மீதியாக நிற்கிறது. வேலையில்லாத ஊரில் பதினெட்டு வயசுப் பையன் எடின்பரோவுக்குப் படிக்கப் போனால் திரும்புவானா? 1959இல் ஸ்காட்லாந்து சாம்பியன் என்று பேர் வாங்கிய லாங்ஹோம் இன்று வட்டார லீக்குகளில் ஆடிக்கொண்டிருக்கிறது.

பார்டர் லீக்கே இப்போது தேசிய லீக் விட்டுவைத்த நாட்களில்தான் நடக்கிறது, சில ஆட்டம் வார நடுவில் விளக்கொளியில். அதிகாரிகளுக்கு அது உபரி. ஆனாலும் 2023இல் தேசிய பட்டத்தை மறுபடி ஹாயிக் தூக்கியது. எப்படி என்று கேட்டால் நான் காட்டுவது பெரிய அணியை இல்லை, அதற்குக் கீழே இருப்பதை. ஒவ்வொரு ஊரிலும் பதினெட்டு வயசுக்குள்ளானவர்களுக்குத் தனிக் கிளப் உண்டு: கேலா வாண்டரர்ஸ், மெல்ரோஸ் வாஸ்ப்ஸ், ஜெட் திசில், ஹாயிக்கில் ஒரு காலத்தில் ஒன்றுக்கு மேல். அவர்களுக்கும் ஒரு லீக். பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே, அங்கிருந்து ஊர்ச் சட்டைக்கு. வர்ணனையாளர் பில் மெக்லாரன் தெரியுமா? உலக ரக்பியின் குரல் என்பார்கள். ஹாயிக்கில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்; அந்த வேலையை வைத்துக்கொண்டேதான் பிபிசியில் பேசினார். பிற்பாடு ஸ்காட்லாந்துக்கு ஆடிய ரென்விக், ஸ்டேஞ்சர் எல்லாம் அவர் கையில் பழகிய பிள்ளைகள். பெண்களும் அப்படித்தான் வருகிறார்கள்: ஹாயிக்கிலிருந்து லானா ஸ்கெல்டன், லிஸா தாம்ஸன், ஜெட்பராவிலிருந்து குளோயி ரோலி, மூவரும் ஸ்காட்லாந்துக்கு ஆடியவர்கள். நீ ஆட வேண்டாம். உன் முழங்கால் விஷயம் எனக்குத் தெரியும்.

ஏப்ரலில் மெல்ரோஸ் செவன்ஸ் வரும், அதைத் தவறவிட்டால் நான் பேசமாட்டேன். ஏழு பேர் ரக்பி பிறந்த இடம் அந்த கிரீன்யார்ட்ஸ் மைதானம். 1883இல் கிளப் கையில் காசில்லை. ஒரு விளையாட்டு விழா நடத்திப் பணம் திரட்டலாம் என்றால், பதினைந்து பேர் அணிகளை வைத்து ஒரே மதியத்தில் பல ஆட்டம் நடத்த முடியாது. ஆளைக் குறை, நேரத்தைக் குறை என்றார் நெட் ஹேய்க் என்ற கசாப்புக்கடைக்காரர். ஏப்ரல் 28, இறுதி ஆட்டம் மெல்ரோஸும் உன் கேலாவும். சமநிலை, கூடுதல் நேரம். மெல்ரோஸ் ஒரு ட்ரை போட்டதும், ஜெயித்தாயிற்று என்று மைதானத்தை விட்டு நடந்துவிட்டது. நேரம் முடியவில்லையே என்று கேலாக்காரர்கள் கத்தியது எடுபடவில்லை. கோப்பை மெல்ரோஸுக்கு. அந்த ஏழு பேர் ஆட்டம்தான் 2016இல் ரியோ ஒலிம்பிக்ஸ் போய் ஃபிஜிக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்தது. கசாப்புக்கடையிலிருந்து ஒலிம்பிக்ஸ் வரை போன வேறு விளையாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இனி நடைமுறை. முதல் ஆட்டத்தை நெதர்டேலில், ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்க்காதே. எதிர்ப்பக்கம் கம்பியோரம் நில். கிழவர்கள் அங்கேதான் நிற்பார்கள், அவர்கள் பேச்சு ஆட்டத்தைவிட நன்றாக இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும், இரண்டு சாக்ஸ் போடு. சூடாக போவ்ரில் என்று ஒன்று கொடுப்பார்கள். அது மாட்டிறைச்சிச் சாறு, டீ என்று நினைத்து வாங்கிவிடாதே. செல்கர்க்கில் ஆட்டம் பார்க்கப் போனால் செல்கர்க் பானக் வாங்கு. உலர் திராட்சை நிறையப் போட்ட ரொட்டி. ரயில் 2015இல் திரும்பி வந்தது எடின்பரோவிலிருந்து கேலஷீல்ஸ் தாண்டி ட்வீட்பேங்க் வரைதான், ஹாயிக்குக்கு 1969இல் போனது போனதுதான். எக்ஸ்95 பஸ் பிடி. ஹாயிக்கின் மைதானமான மான்ஸ்ஃபீல்டு பார்க்கில் யாராவது எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டால் கேலா என்றே சொல், வாளிக் கதையை உனக்கும் சொல்வார்கள், சிரித்துவை. திரும்பும்போது கடைவீதியில் ஹாயிக் பால்ஸ் என்று புதினா மிட்டாய் டப்பா கிடைக்கும். மெக்லாரன் பார்க்கிறவர்களுக்கெல்லாம் எடுத்து நீட்டியது அதைத்தான். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது எனக்கு இரண்டு டப்பா, பெரியதாக.

அன்புடன்,
மாமா